வாரத்துக்கு விட்ட ஆடு

...அம்புட்டும் என் ஆடு, அண்ணாச்சி. மம்சாபுரத்துல முப்பது உருப்படிக்கு மேல நிக்கி. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் ஒங்களுதுங்கான் அத மேய்க்கிற கருத்தப்பாண்டி. அந்த ஒண்ணுக்கும் பல்லு கெடையாது. இத எங்க போயிச் சொல்ல... செத்தத் தள்ளி உக்காருங்க, கால் மரத்துப் போச்சு. இந்தக் கரி பஸ்ஸு நின்னா நின்னதுதான். பெட்ரோலு எல்லாம் சண்டைக்குப் போயிருச்சு, நமக்குப் பின்னால ஒரு அடுப்பைக் கட்டி விட்டுட்டாக. கண்டக்டர் எறங்கி அடுப்புக்குக் காத்தூதுற சக்கரத்தச் சுத்தணும், கரி கங்காகணும், அது பொகையணும், பொறவுதான் வண்டி உறுமும். நீங்க போயிச் சேர்றதுக்குள்ள போட்ட நாமம் வேர்வைல கரைஞ்சிரும் பாருங்க. இந்தப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குத்தான? புரட்டாசி சனிக்கிழம, கூட்டம் நெரியும். போயிட்டு வாங்க. எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போடுங்க.

என் பேரு சங்கையா. ராஜபாளையத்துல பஞ்சோடயே கெடந்து கெழவனானவன். மொதல்ல பருத்தி அரைக்கிற ஜின்னிங்கு, பொறவு நூல் மில்லு வரவும் அங்க. என் மூக்குக்குள்ள போன பஞ்சை எடுத்துத் திரிச்சா ஒங்களுக்கு ஒரு வேட்டி நெய்யலாம். போன ஆனி மாசம், வயசாயிருச்சு, நீரு போயிட்டு வாரும்னுட்டாக. ஒரு மாலை, ஒரு வேட்டி, ஒரு எலுமிச்சம்பழம். பழத்த அன்னைக்கே புழிஞ்சு குடிச்சிட்டேன். வேட்டி இந்தா, இடுப்புல இருக்கு. கரையப் பாருங்க, மூணு தொவைப்புக்கே ஓடிருச்சு.

பண்டு இல்லையான்னுதான கேக்க வாரிய? எல்லாரும் அதத்தான் கேக்காக. பிராவிடண்டு பண்டுன்னு ஒண்ணு கொண்டாந்தாக, இல்லேங்கல. மேஸ்திரி வந்து நிக்க வச்சுச் சொல்லுதாரு... சம்பளத்துல கொஞ்சம் நீ விடணும், அதே அளவு மில்லு போடும், வயசான காலத்துல மொத்தமாத் தருவோம்னு. நான் லேசுப்பட்ட ஆளா? சாயங்காலம் கேட்டுல வேட்டிய ஒதறச் சொல்லி, மடியில ஒட்டியிருக்க பஞ்சைக்கூட எடுத்துக்கிடுத மொதலாளி, எனக்குச் சும்மா துட்டு தருவாராம்ல? இதுல என்னமோ இருக்குன்னுட்டேன். அதுவும் எப்பத் தருவாராம், கெழவனான பொறவு. அதுக்குள்ள நான் செத்துட்டா? வேணாம் சாமின்னு மேஸ்திரிகிட்ட அவரு பேசுற தெலுங்குலயே சொல்லிட்டு வந்தேன். நல்லா ஒறைக்கட்டும்னு.

எனக்குப் பக்கத்து மிசினு தேவஇரக்கம், சர்ச்சுக்குப் போற வேதக்கார ஆளு. அவன் போயி மொத ஆளாப் பேரு குடுத்தான். ஏலே, துட்டு இரும்புப் பொட்டியில கெடந்தா குட்டி போடுமாலேன்னு கேட்டேன். சிரிச்சான். அவன் பொஞ்சாதி இன்பம் இருக்கே, அது அதுக்கு மேல. ஒல வைக்கும்போது கோயிலுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும், அது அவுக வழக்கம். அதோட நிக்காது, நம்ம கெழட்டுக் காலத்துக்குன்னு இன்னொரு பிடி எடுத்து வேற பானையில போடும். பொழைக்கிற வீட்டுல ரெண்டு பிடி கொறைச்சுச் சாப்பிடுவாகளா, அண்ணாச்சி? அந்த வீட்டுல நான் எத்தன நாளு கேலி பேசிட்டு வந்திருக்கேன் தெரியுமா. இப்ப அவனும் என்னோடதான் வெளிய வந்தான். பண்டுத் துட்ட வாங்கிக் கோயிலுக்குப் பக்கத்துல பொட்டிக்கட போட்டுட்டான். வெத்தல, பொயல, கடல மிட்டாயி. மிசினுல நின்ன ஆம்பள, இப்ப ஈ வெரட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கடனுக்கு ஒரு பொயல கேட்டேன், குடுத்தான். குடுக்கும்போது ஒரு பார்வ பாத்தான் பாருங்க, அதத்தான் என்னால செரிக்க முடியல.

நான் ஒண்ணும் இல்லாம நின்னவன் இல்ல. என் பண்டு நாலு காலுல நடந்துக்கிட்டு இருந்துச்சு. மில்லுல பண்டு வாரதுக்கு ரொம்ப முந்தியே ரெண்டு வெள்ளாட்டுப் பெட்டை வாங்கி, மம்சாபுரத்துல கருத்தப்பாண்டிகிட்ட வாரத்துக்கு விட்டேன். வாரம் தெரியும்ல? டவுன்ல இருக்கவுகளுக்குத் தெரியாது. ஆடு நம்மளுது, மேய்க்கிற பாடு அவனுது. குட்டி போட்டா ஒண்ணு நமக்கு, ஒண்ணு அவனுக்கு. நம்ம குட்டியும் அவன்கிட்டயே வளரும், அதுவும் போடும், அதுலயும் பாதி. எழுத்து கெடையாது, வார்த்ததான். நான் மில்லுல நிக்கேன், அங்க மலையடிவாரத்துல என் துட்டு பாட்டுக்குத் தழை கடிச்சு வளருது. மேஸ்திரி சொன்னதுக்கும் இதுக்கும் எது உசத்தி, நீங்களே சொல்லுங்க.

என்ன, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டிய? சனிக்கிழம அதுவுமா ஆட்டப் பத்திப் பேசுறேன்னா? உசுரோட இருக்க ஆட்டப் பத்தித்தான பேசுறேன். இனிமேதான் கறி வருது... இல்ல இல்ல, எந்திரிக்காதிய. முன்னால எடமும் இல்ல.

வெள்ளாடு பெரும்பாலும் ரெட்டக்குட்டி போடும். ஒண்ணு கிடா, ஒண்ணு பெட்டை. மொத ஈத்துல குட்டியப் பாக்கப் போனேன். கிடாக்குட்டி நல்லா நெடுநெடுன்னு, தாய் மாதிரியே நெத்தியில வெள்ளச் சுட்டியோட துள்ளுது. பெட்டைக்குட்டி சவலையா, தாய் மடியக் கண்டுபிடிக்கத் தெரியாம நிக்கி. எதை எடுத்துக்கிடுதியன்னு கேக்கான் கருத்தப்பாண்டி. கேக்கணுமாலேன்னு கிடாயக் காட்டிட்டேன். அந்த நோஞ்சான நீயே வச்சுக்கோன்னேன். அவனும் வாயத் தொறக்கல, பாவம், வெவரம் பத்தாத பயன்னு நெனச்சேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

அடுத்த ஈத்தும் அப்படித்தான். அதுக்கு அடுத்த ஈத்தும். எனக்குன்னு பெட்டை மட்டும் விழுந்தாக்கூட, அதக் குடுத்துட்டு அவன் கிடாய மாத்தி வாங்குவேன். அம்புட்டுச் சாமர்த்தியம். கிடா எடை நிக்கும், அண்ணாச்சி. தீவாளிக்கு ஒண்ணு, கோயில் கொடைக்கு ஒண்ணு, மக கல்யாணத்துக்கு ரெண்டு. தோளுல தூக்கிப் போட்டு ஊருக்குள்ள நொழஞ்சா, சங்கையா வாரான்னு தெருவே எட்டிப் பாக்கும். மில்லுல எனக்குத் தெரிஞ்சவன் அம்புட்டுப் பேருக்கும் கறி போகும். தேவஇரக்கம் வீட்டுக்குத் தொடைக்கறி. அந்தப் பய பண்டுலயும் சேத்தான், என் கறியையும் தின்னான்.

பெத்தம்மா மட்டும், என் வீட்டுக்காரி, ஒவ்வொரு தடவையும் மொணங்குவா. ஒரு தடவ வெட்டுன எடத்துலயே நின்னு சொன்னா... "கிடா கறியாகும், பெட்டைதான் பெருகிக் கெடையாகும். ஒரு பெட்டையாவது நம்மளுக்குன்னு விடுங்க." பொம்பளைக்குக் கறி ருசி என்ன தெரியும்னு கேட்டுட்டு, ஈரல அவ தட்டுலதான் போட்டேன். அவ திங்கல. நான்தான் தின்னேன்.

இப்ப என்ன ஆச்சு? என் ரெண்டு பெட்டையில ஒண்ணச் சிறுத்தை அடிச்சிருச்சு. இன்னொண்ணு, சொன்னேன்ல, பல்லுப் போனது. அவன்கிட்டப் போன நோஞ்சான் எல்லாம் தேறி, அது போட்டு, அது மக போட்டு, ஒரு கெடையே நிக்கி. அம்புட்டுலயும் அந்த நெத்திச் சுட்டி. நான் போயி நின்னா என் ஆட்டு மூஞ்சியா என்னப் பாக்குது. இது மோசடி இல்லாம என்ன? வளத்தவன் நீ, வெவரம் தெரிஞ்சவன் நீ, மாமா இது சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்க வேணாமா?

ஊருல நாலு பேரக் கூட்டி நாயம் கேட்டேன். அவிய என்னத்தக் கேக்காக தெரியுமா? ஒம்ம கிடாயெல்லாம் எங்க இருக்குன்னு கேக்காக. பின்னால நின்ன ஒரு பய என் வயித்தக் கையக் காட்டுதான். கூட்டமே சிரிச்சிருச்சு. கருத்தப்பாண்டி மட்டும் சிரிக்கல. அது ஒண்ணுக்காக அவன மன்னிக்கலாம்னு பாக்கேன், மனசு வர மாட்டேங்கு.

பெத்தம்மா இப்ப மகாராசபுரத்துல தம்பி வீட்டுல இருக்கா. களையெடுக்கப் போறாளாம், இந்த வயசுல. சண்ட ஒண்ணும் போடல. பானையக் கவுத்தி வச்சா, மாத்துச் சீலைய எடுத்தா, சோத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு ஆள் அனுப்புங்க, வாரேன்னா. அம்புட்டுத்தான். மக வீட்டுக்குப் போகலாம், ஆனா மருமகன் வீட்டுத் திண்ணச்சோறு எம்புட்டு நாளைக்கு எறங்கும்? பயமாத்தான் இருக்கு, அண்ணாச்சி. ஒங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அவ இல்லாத வீட்டுல ஒல வைக்கக் கை போக மாட்டேங்கு.

இந்தா, உறுமிருச்சு. கிளம்பிருச்சு... பிடிச்சுக்கோங்க. நான் மம்சாபுரம் வெலக்குல எறங்கணும். ஆடு கேக்கப் போறியான்னு பாக்கிய, அதெல்லாம் முடிஞ்ச கத. மேய்க்கப் போறேன்.

ஆமா. நாயம் பேசி முடிச்சு எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவு, அவன்தான் வந்து பக்கத்துல குத்தவச்சு உக்காந்தான். "மாமா, கெடை பெருத்துப் போச்சு, என் ஒருத்தனால ஆகல. பத்து உருப்படி பிரிச்சுத் தாரேன், வாரத்துக்கு மேயிங்க. குட்டியில பாதி ஒங்களுக்கு"ன்னான். அன்னைக்கு நான் அவனுக்குச் சொன்ன அதே பேச்சு, ஒரு வார்த்த மாறல. மொதல்ல சுருக்குன்னு குத்துச்சு. பொறவு யோசிச்சேன். தங்க ஒரு குடிசையும் தாரேங்கான். பெத்தம்மாளுக்கு நாளைக்கே ஆள் அனுப்பிரலாம்.

ஆனா நானும் வெவரமாத்தான் பேசியிருக்கேன். ஒரு தடவ ஏமாந்தாச்சு, இனி ஏமாற மாட்டேன்ல? ரெட்டக்குட்டி விழுந்தா எது யாருக்குன்னு பொறவு தகராறு வரக் கூடாதுன்னு, மறுநாளு அதே நாலு பேரு முன்னாலயே முடிச்சுட்டேன். கிடா எனக்கு, பெட்டை அவனுக்கு. அவன் மறுபேச்சே பேசல, அண்ணாச்சி. உடனே தலைய ஆட்டிட்டான்.