காயாத பலகை

பேர்லேண்ட் கோயிலில் புளியோதரை வாங்க நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்த வயதான அம்மாளிடம் சொன்னாள்: "ஒரு பலகை மட்டும் காயவே இல்ல, ஆன்ட்டி."

"என்ன பலகை?"

"புயல்ல எங்க பேக்யார்ட் ஓக் மரம் விழுந்துதுல்ல? டைனிங் டேபிள் பண்ணலாம்னு ஒரு சின்ன மர மில்லுல குடுத்து அறுத்தோம். அறுத்த பலகைய சூடான ரூம்ல அடுக்கி வாரக்கணக்கா காய வைப்பாங்க. மத்ததெல்லாம் நல்லா காஞ்சிடுச்சு. இது மட்டும் அப்பதான் வெட்டின மாதிரி ஈரம். மில்லுக்காரர் திரும்பத் திரும்ப வச்சுப் பாத்தார். கடைசில, 'இத இங்க வச்சுக்க எனக்கு இஷ்டமில்ல'ன்னு எங்க டிரைவ்வேல இறக்கிட்டுப் போயிட்டார்."

"மரம்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"அன்னிக்கே போட்டுட்டோம். காஞ்ச பலகைலதான் டேபிள் பண்ணினோம்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"நேத்து அந்த டேபிள்ல சாப்பிட உக்காந்தேன். மடியில சொட்டு சொட்டா தண்ணி விழுது."

"குழந்தை கொட்டியிருப்பா."

"மேல பொட்டு ஈரம் இல்ல, ஆன்ட்டி. அடியில கை வச்சுப் பாத்தேன். முழுக்க நனைஞ்சிருந்துது."