பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்போம். டிராக்டர், மருந்தடிக்கும் மெஷின், கிரைண்டர், மண்வெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர். பொட்டு வைத்த எதையும் மறுநாள் காலை வரை ஓடவிடுவதில்லை. என் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது என்பது வேறு விஷயம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று நான் செய்ததைப் பார்த்தவர்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இப்போதும் யாரும் கேட்டு நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பொன்னுரங்கம். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறேன். மனைவி செந்தமிழ்ச்செல்வி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் சுபஸ்ரீ, கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். பச்சமுத்து என்னிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். ஆயுதபூஜைக்குப் பத்து நாள் முன்பு, விடியற்காலையில், என் மரவள்ளிக் கொல்லையில் கரண்ட் அடித்து அவன் செத்துப்போனான். பன்றி பிடிக்கக் கம்பி கட்டி, அதிலேயே மாட்டிக்கொண்டான் என்று விசாரணையில் முடிவானது. அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவன் நான். ஊரில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

பூஜைக்கு முதல் நாள் அவன் பெண்சாதி ஆயம்மாள் வந்தாள். என்னிடம் வரவில்லை, சுபஸ்ரீயிடம் வந்தாள்.

"பாப்பா, உங்கவூட்டு வாசல்ல கேமரா கீதே, அன்னிக்கு அவரு கொல்லைக்குப் போனது அதுல இருக்குமா? கையில கம்பி வச்சிக்கினு போனாரா, வெறுங்கையா போனாரா, அத மட்டும் பாத்துச் சொல்லு. திருட்டுத்தனமா பன்னி புடிக்கப் போய் செத்தான்னு சொல்லிக்கினு கீறாங்க. கருமாதிக்குள்ள தெரிஞ்சா போதும்."

கேமராவில் பதிவாகிற எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் போய்ச் சேரும். பேச்சும் பதிவாகும். சுபஸ்ரீ அந்தத் தேதியைத் தேடித் திறந்தாள். திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம். அவள் பயந்துபோய் கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமிழழகனை வரவழைத்தாள். அவன் காதை வைத்துக் கேட்டான்.

"ஹார்டு டிஸ்க்கு போய்க்கினு இருக்குதுங்க. ஓடிக்கினு இருக்கசொல்லவே மொத்தமா காப்பி எடுத்துடணும். நாளைக்கு சாயந்திரம் ஆவும். பாதில நின்னா, எடுத்தது ஒண்ணுமே தொறக்காது. யாரும் நிறுத்திடாதீங்க, நிறுத்துனா மறுபடி எயுந்துக்காது."

கடைசி வாக்கியத்தை அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். வீட்டுப் பெரியவன் என்ற மரியாதை.

அந்த டிஸ்க்கில் கேமரா மட்டும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஒன்று தவிர, என் மனைவியின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. கிரைண்டரில் மாவைத் தள்ளிக்கொண்டே சுபஸ்ரீயைத் திட்டுகிற ஒரு வீடியோ. அவள் குரல் என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். சுபஸ்ரீ பரீட்சைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுப் போவாள். இதையும் நான் யோசிக்காமல் இல்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு சுபஸ்ரீ பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைக்குப் போனாள். நான் டிராக்டருக்குப் பொட்டு வைத்தேன். கிரைண்டருக்கு வைத்தேன். பிறகு உள்ளே வந்து கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றதும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்திப் பூவைச் சார்த்தினேன். பூ நேராக இருக்கிறதா என்று ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

சுபஸ்ரீ வந்து பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னாப்பா பண்ணிட்ட?"

"பூஜைம்மா. ஓடிக்கினு இருக்கறதுக்கு எப்படிப் பொட்டு வெக்கறது?"

உடனே சுவிட்சைப் போட்டாள். மூன்று முறை டக் என்றது, அவ்வளவுதான். சென்னைக்கு அனுப்பியும் பார்த்தோம். உள்ளே தகடு கீறிப்போய்விட்டது, எதுவும் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "உனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அம்மா போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

பதிவில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பச்சமுத்து செத்த அன்று மத்தியானமே நான் அதைப் போட்டுப் பார்த்துவிட்டேன். தெளிவாக இருந்தது. வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிறேன். பச்சமுத்து வருகிறான், வெறுங்கையாக. மோட்டார் கொட்டகைச் சாவியை நான்தான் கொடுக்கிறேன். அவன் இரண்டடி போய்த் திரும்பி, "வேலில கரண்ட் நிறுத்திட்டீங்களா ஐயா?" என்று கேட்கிறான். "நிறுத்திட்டேன், போ" என்கிறேன்.

நிறுத்தவில்லை. பன்றிக்காக ராத்திரியில் வேலிக் கம்பிக்குக் கரண்ட் விடுவது நான்தான். சட்டப்படி தப்பு என்று தெரியும். சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால், கதவுக்கு உள்பக்கம், எட்டடி தூரத்தில் இருந்தது. காபி சூடாக இருந்தது. குடித்துவிட்டு அணைத்துக்கொள்ளலாம், அவன் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும் என்று நினைத்தேன். பிறகு யாரோ போன் பண்ணினார்கள், மறந்துபோனேன். நினைவு வந்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிப்போனபோது அவன் செத்துக் கிடந்தான். ஆள் வருவதற்குள் வேலிக் கம்பியைச் சுருட்டி எடுத்ததும் நான்தான். ஒரு துண்டை மட்டும் வெட்டி அவன் கைப்பக்கம் போட்டேன். அந்தப் பதிவை அழிக்க எனக்குத் தெரியாது. டிஸ்க் தானாகப் போகிறது என்று தமிழழகன் சொன்னபோது, கடவுளே பார்த்துக்கொள்கிறார் என்று தோன்றியது. நான் செய்தது வெறுமனே ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்ததுதான் என்றுகூடச் சில நாள் நம்பினேன்.

கருமாதிக்கு முதல் நாள் ஆயம்மாள் மறுபடி வந்தாள். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்ல அவள் வரவில்லை. சுபஸ்ரீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். போகும்போது வாசலில் என் முன்னால் நின்று கையைக் கூப்பினாள்.

"நான் வந்து கேட்டதாலதான பொட்டி கெட்டுப்போச்சு? பாப்பாவுக்கு அவங்க அம்மா குரலு போச்சே. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. தெரியாம கேட்டுட்டேன்."

நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பரவாயில்ல, வுடு ஆயம்மா" என்று சொல்லி, அவளை மன்னித்து அனுப்பினேன்.