குளத்தின் மூன்று படங்கள்

எனக்குச் செடிகளைவிடக் கையெழுத்துகள் மேல்தான் நம்பிக்கை, ஐயா. செடி பட்டுப்போனால் நட்டவன் தலைதான் உருளும். பதினெட்டு வருடமாகத் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறேன். ஒருமுறை ஒரு மதில் சரிந்து, நான் வேண்டாம் என்று சொன்ன வேலைக்காக நானே இரண்டு வருடம் கோர்ட் படி ஏறி இறங்கினேன். வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. அன்றிலிருந்து எதையும் எழுதி வாங்கிவிடுவேன், தேதியும் நேரமும் விழும்படி படமும் எடுத்துவைப்பேன்.

அந்த வீட்டம்மா நல்லவர்தான். அல்லிக்குளத்தின் மேல் நான் போட்ட கம்பிவலை மட்டும் அவருக்குக் கண்ணை உறுத்தியது.

"ஜெயில் மாதிரி இருக்கு தம்பி. எடுத்துடுங்க."

"வேணாங்க்கா, குழந்தை இருக்கற வீடு."

"அவள நான் பாத்துக்கறேன்."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வலையை எடுத்தேன்.

தோட்டத்தை ஒப்படைக்கிற நாள். காலை பதினோரு மணி இருக்கும், அக்கா உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தார். வலையில்லாத குளத்தைப் படமெடுக்க நின்றேன். அவருடைய மூன்று வயது மகள் வந்து, "மாமா, மீன் வந்துடுச்சா?" என்று கேட்டாள். மீன் விடுவதாக நான்தான் சொல்லியிருந்தேன்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே பார்க்கப் போனாள். நான் எச்சரித்தது இதைத்தான் என்று காட்ட இதைவிடத் தோதான படம் அமையாது என்று பட்டது. முதல் படத்தில் விளிம்பில் நிற்கிறாள். இரண்டாவதில் குனிந்திருக்கிறாள். மூன்றாவதில் அல்லி இலைகள் மட்டும் கொஞ்சம் விலகிக் கிடக்கின்றன.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நாலு நிமிடம் இருக்கிறதே என்கிறீர்கள். தண்ணீர் அலம்பிக்கொண்டே இருந்தது, ஐயா. அது அடங்கினால்தானே படம் தெளிவாக வரும்.

இப்போது என் வீட்டில் ஒரு வாளி தண்ணீர் பிடிக்க முடியவில்லை. பாதி நிறைந்ததும் "மாமா" என்று கூப்பிடுகிறாள். குழாயை மூடினாலும் குரல் நிற்பதில்லை. பயமாக இருக்கிறது. என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குத் தண்ணீர் மொண்டு தரக்கூட ஆளில்லை.

குளம் என் முழங்கால் ஆழம்தான். வரைந்தவன் நான், எனக்குத் தெரியாதா? நின்ற இடத்திலிருந்து ஆறடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் ஓடிப்போய்த் தூக்கியிருந்தால், நான் சொன்னதுதான் சரி என்று யாருக்கும் தெரிந்திருக்காதே, ஐயா.