நாலாவது வரிசை, முதல் பட்டன்

பழைய கால்குலேட்டர்களைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, சார். உள்ளே சிப் போயிருக்கும், பட்டன் போயிருக்காது. அமுக்கினால் டிக்கென்று பதில் சொல்கிற நல்ல பட்டன்கள் என்னிடம் மூன்று டப்பா நிறைய இருக்கின்றன. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் அவருக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுதுவார். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் நாகேந்திரன். வயது இருபத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எடை மிஷினுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. எங்கள் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர், சீக்கிரமே போய்விட்டார். என்னை டிப்ளமா படிக்க வைத்தது அண்ணன் எத்திராஜ். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி, ஓவர்டைம் பார்த்துப் படிக்க வைத்தார். அண்ணன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி கொடுத்த புகாரைப் படித்தால் வேறு மாதிரி தோன்றும்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரே ஆசை. உள்ளங்கையில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். கீபோர்டு, திரை, பேட்டரி எல்லாம் ஒரு பென்சில் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்ததிலிருந்து அதே பைத்தியம். கம்பெனியில் சொன்னபோது, "இன்னா மாமே, கம்ப்யூட்டர பாக்கெட்ல போட்டுகினு டீ குடிக்கப் போவியா?" என்று சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். அப்போது எங்கள் முதலாளி அறையில் இருந்த கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். பட்டறையில் கிடந்த அலுமினியத் துண்டை ராவி எனக்கு அழகான பெட்டி ஒன்று செய்து கொடுத்தார்.

தொண்ணூற்றொன்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அண்ணனுடைய ஸ்கூட்டரில் ரிச்சி தெருவுக்கு டிஸ்ப்ளே வாங்கப் போனோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. டிஸ்ப்ளே நனையக் கூடாது என்று அண்ணன் அதைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வண்டியை நான் ஓட்டினேன். என்னிடம் லைசென்ஸ் இல்லை. பாடி வரும்போது மணி ஆறரை, கரண்ட் போய் ரோடே இருட்டு. வேலை விட்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த தாயம்மா என்ற பெண் மேல் மோதினேன். அந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனார். அண்ணன் தலை ஓரக் கல்லில் அடித்தது. எனக்கு முழங்கையில் தோல் வழன்றது. டிஸ்ப்ளேவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூட்டத்தில் ஒருவர் டார்ச் அடித்து, "யாருப்பா வண்டிய ஓட்டினது?" என்று கேட்டார். நான் அண்ணன் பக்கம் கையைக் காட்டினேன். அவர் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, பிழைக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். இறந்தவர் மேல் கேஸ் நிற்காது. நானோ சிங்கப்பூர் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். நினைவு இருந்திருந்தால் அண்ணனே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார். இது புகாரில் இல்லை, அண்ணிக்கும் தெரியாது. நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது மணிக்கட்டும் கட்டைவிரலும் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியாது என்றார் டாக்டர். அண்ணி பூங்காவனம் நெமிலிச்சேரி வீட்டில் அவர் கட்டிலை விட்டு நகராமல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். தண்ணி வேணுமா? விரல் அசைந்தால் ஆமாம். முதுகு வலிக்குதா? ஆமாம். ஒரு நாளைக்கு நூறு கேள்வி இருக்கும். கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

குடித்துவிட்டு ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றான் என்று தெருவே பேசியது. குழாயடிக்கு அண்ணி போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அலுப்பு தாங்காத நாளில் அண்ணியே, "ஒரு உசிர எடுத்துட்டு நீ பாட்டுக்குப் பட்த்துகினு கீறே. ஊரு ஏச்செல்லாம் நான் வாங்கிகினு கீறேன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வார். அண்ணன் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அம்பத்தூரில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, வியாழனும் ஞாயிறும் மட்டும் வந்து போக ஆரம்பித்தேன்.

மறு வருஷம் மார்ச்சில் முதல் மிஷினை முடித்தேன். அண்ணன் ராவிக் கொடுத்த அதே பெட்டி, அவர் நெஞ்சோடு அணைத்து வந்த அதே டிஸ்ப்ளே. அவர் கட்டைவிரல் எட்டுகிற தூரத்தை அளந்து, அதற்குள் இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்துக்கும் பட்டன் வைத்தேன். பட்டறையில் டிராயிங் பார்த்துப் பழகியவர், அந்த எழுத்துகளைத் தட்டித் தமிழில் சொல்லிவிடுவார். அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது மிஷினை அவர் விரலடியில் வைத்தேன். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. திரையில் இங்கிலீஷ் எழுத்தில் 'நீ ஓட்டினே' என்று வந்தது. அதற்குக் கீழே, 'அவகிட்ட சொல்லு.'

அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, சார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பேட்டரியைக் கழற்றினேன். அண்ணி வந்ததும் லூஸ் கான்டாக்ட் என்று சொல்லி மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பிற்பாடு பாஸ்போர்ட் வந்தது, ஆனாலும் சிங்கப்பூர் போகவில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் அல்லவா?

நிதானமாக யோசித்தபோது முதல் மிஷினில் நிறைய தப்பு தெரிந்தது. அண்ணிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவரால் படிக்க முடியாவிட்டால் அந்த மிஷின் யாருக்காக? தமிழில்தான் வர வேண்டும். ஆனால் நாமாகப் புள்ளி வைத்து வரைகிற எழுத்து அந்த டிஸ்ப்ளேவில் ஒரு சமயத்தில் எட்டுதான் நிற்கும். எட்டு எழுத்துக்குள் முடிகிற சொல் என்றால் சமாளிக்கலாம். ஆகவே எழுத்துகளை எடுத்துவிட்டு, பதினாறு பட்டனுக்குப் பதினாறு சொல் வைத்தேன். பட்டன் மேல் ஒன்றும் எழுதவில்லை; அமுக்கினால் சொல் திரையில் வரும், கூடவே பஸ்ஸர் அடிக்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தாக வரைய ஒரு மாதம் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக இன்னொரு வேலை செய்ததில்லை.

தண்ணி, பசிக்குது, கொசு, ஃபேன், ரேடியோ, குளிருது என்று போட்டுக்கொண்டே போனேன். நாலாவது வரிசை முதல் பட்டன், வலிக்குது. வேண்டாம் என்று ஒன்று வைக்கலாமா என்று யோசித்தேன், இடம் போதவில்லை. கடைசிப் பட்டனுக்கு மன்னிச்சிடுங்க என்று வைத்தேன். எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு எழுத்து.

மிஷின் வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. என் முதலாளி காரில் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். திரையில் 'தண்ணி' என்று வந்ததும் அண்ணி ஓவென்று அழுதுவிட்டார். "நீ நல்லா இருக்கணும் தம்பி. கல்லு மாரி கெடந்த மனுசன பேச வெச்சிட்டியே" என்றார். அதோடு அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். யாராவது விசாரித்தால், "வேணும்னா அவரே அமுக்குவாரே" என்பார். பஸ்ஸர் அடித்தால் வந்து பார்க்கப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் சொல்லிவிட்டு, பழையபடி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கவும் போக ஆரம்பித்தார். ஒரு மிஷினால் ஒரு குடும்பம் மூச்சு விட்டது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

தாயம்மாவின் புருஷன் துலுக்கானத்தை வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். அந்த மனிதருக்கும் ஒரு ஆறுதல் வேண்டும், அண்ணி மேல் இருக்கும் பழியும் கொஞ்சம் குறையும். துலுக்கானம் கட்டில் பக்கம் நின்றார். அண்ணன் விரல் அசையவே இல்லை. விரல் நடுங்காமல் இருக்க நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் அழுத்தினேன். பஸ்ஸர் அடித்தது. மன்னிச்சிடுங்க.

துலுக்கானம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அண்ணன் காலைத் தொட்டு, "உடு அண்ணாத்தே. அவ போய்ட்டா. நீ கீறியே, நல்லபடியா இரு" என்றார். அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்தது. செய்த பாவத்தை நினைத்து அழுகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது, நிஜமான அழுகை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஆரம்பித்தது. நான் அறைக்குள் நுழைந்தால் அண்ணன் வலிக்குது பட்டனை அமுக்குவார். என்னைப் பார்த்துக்கொண்டே அமுக்குவார். நான் வெளியே போகிறவரை விடமாட்டார், போனதும் நிறுத்திவிடுவார். எழுத்தை நான் எடுத்துக்கொண்டால், இருப்பதை வைத்துப் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மெச்சத்தான் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாதம் பிசைந்துகொண்டே, "இன்னா தம்பி, நீ வந்தாதான் இவருக்கு வலி வருது?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

மிஷினில் தூசி சேர்ந்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கினேன். போர்டில் நாலாவது வரிசை முதல் பட்டனுக்குக் கரண்ட் கொண்டுபோகிற மெல்லிய செம்புக் கோடு ஒன்றைப் பிளேடால் அறுத்தேன். கடுகளவு இடைவெளி போதும். மற்ற பதினைந்தும் நன்றாக வேலை செய்தன. யோசித்தால் அது ஒரு ரிப்பேர் மாதிரிதான், தொந்தரவு கொடுத்த ஒன்றை எடுத்துவிட்டேன். வீட்டில் மறுபடி அமைதி வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். "பாரு தம்பி, காலைலேருந்து அமுக்கிகினே கீறாரு, ஒண்ணும் வரல. பேட்டரி பூட்ச்சா?" என்றார் அண்ணி. அண்ணன் நெற்றியெல்லாம் வியர்வை. கட்டைவிரல் நாலாவது வரிசை முதல் பட்டனில் இருந்தது. நான் பேட்டரி நாலையும் மாற்றினேன். அண்ணி கண்ணெதிரே தண்ணி பட்டனை அமுக்கிக் காட்டினேன், பஸ்ஸர் கணீரென்று அடித்தது. "இப்ப சரியாயிடுச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பழைய வலிதான், என்னைப் பார்த்ததும் வருகிற வலி என்றுதான் நினைத்துக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்த பிறகு, நான் போவதற்கு முன்பே காலையிலிருந்து அமுக்குகிறார் என்று அண்ணி சொன்னது உறைத்தது. பட்டாபிராமில் ரயில் நின்றது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கினால் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும், பட்டனைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ரயில் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கினாராம். கொசு, ஃபேன், தண்ணி, குளிருது. அண்ணியும் கொசுவத்தி ஏற்றி, ஃபேனை வேகமாக வைத்து, தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்தி என்று ஓடியிருக்கிறார். கடைசியில் அண்ணன் தானாகவே மன்னிச்சிடுங்க பட்டனை அமுக்கியிருக்கிறார். விடாமல் அமுக்கியிருக்கிறார். அண்ணி அவர் தலையைத் தடவி, "அதான் மன்னிச்சிட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு அத்தயே நெனச்சுகினு கீறே? தூங்கு" என்றாராம். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. குடல்வால் வெடித்திருக்கிறது, இரண்டு நாள் துடித்திருப்பாரே, ஒன்றும் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். "மிஷின் ஒண்ணும் சொல்லலியே சார்" என்றார் அண்ணி.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அண்ணி அந்த மிஷினைத் திருநின்றவூரில் வாதத்தில் விழுந்த ஒருவருக்குக் கொடுக்க நினைத்தார். கொடுக்கும் முன்னே சரிபார்க்கட்டும் என்று பட்டாபிராமில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷவுகத் அலி பாயிடம் கொண்டு போனார். பாய் திறந்து பார்த்து, "அக்கா, இது தானா அறுந்தது இல்ல. பிளேடு போட்டு இழுத்துக்கீறாங்க. பாரு, கோடு எம்மா நேரா கீது" என்றாராம். எந்தப் பட்டன் என்று அண்ணி கேட்டார். பாய் விரல் வைத்துக் காட்டினார்.

அண்ணி நேராக என் ரூமுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அந்த வியாழக்கெழம உனக்குத் தெரியுமா தம்பி?" என்று ஒன்றுதான் கேட்டார். தெரியாது என்றேன். இப்போது எழுதித் தருகிறேன். தெரியும். பட்டனை அறுத்தது நான். விரல் எதில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பேட்டரி மாற்றினேன். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப் போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். வண்டி ஓட்டியதும் நான்தான்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அண்ணி வந்தால் ஒன்று மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், சார். அந்த மிஷின் அவர் கையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நாளில் அண்ணன் என்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.