குடும்பப் படத்துக்குப் போன சம்பந்தம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே கம்பெனிச் சட்டை போட்ட பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணு பாக்க வந்தவங்கள சினிமாவுக்கா இட்டுக்கினு போன?" என்று இளையவள் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

"குடும்பப் படம்னு போஸ்டர்ல போட்டிருந்தான். ரெண்டு ஊடும் ஒண்ணா குந்திச் சிரிக்கலாம்னு போனோம்," என்றாள் மூத்தவள்.

"சிரிச்சீங்களாக்கா?"

"எங்க? படத்துல மாமனாரு சாணில வழுக்கி வுழுவுறாரு, எழுந்து மறுபடியும் வுழுவுறாரு. எங்க ஊட்டுக்காரரு தூங்கிட்டாரு. நடுவுல அசிங்கமா ஒரு பேச்சு, மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால மூஞ்சிய மூடிக்கினாங்க. அப்புறம் பேய் வந்துச்சு, அவங்க பேத்தி அழுதுச்சு."

"அப்ப யாருக்குத்தான் எடுத்தான் அந்தப் படத்த?"

"மாப்பிள்ளைக்கு. ஹீரோ பொண்டாட்டிய தொடப்பத்தால தொரத்தித் தொரத்தி அடிக்கிறான். கொட்டாயே கம்முனு கீது, இவரு மட்டும் கை தட்டிச் சிரிக்கிறாரு."

"உம் பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

"இன்டர்வல்ல பாப்கார்ன் வாங்கிக் குடுத்தாரு. அத அவரோட அம்மா மடியில வெச்சிட்டு, எங்கிட்ட 'ஊட்டுக்குப் போலாம்மா'ன்னு எழுந்துடுச்சு."



"நல்ல படந்தாங்கா," என்றாள் இளையவள். "தாலி கட்டினப்புறம் தெரிய வேண்டியது இன்டர்வல்லயே தெரிஞ்சிடுச்சே."