மூணு மிதி பிரேக்

தாம்பரத்துல பஸ் ஏறுனேன், ஜன்னலோரம் சீட்டு கெடச்சதே பெரிசு. பின்சீட்டுல புருஷனும் பொண்டாட்டியும். எடுத்த எடுப்புல அந்தாளு சொல்றாரு:

"கார் பிரேக்கை மூணு தடவ மிதிச்சா நிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

"முதல் மிதி பஞ்சு மாதிரி தரைக்கே போகுதுங்க. நீங்களே பிரேக் ஆயில் மாத்துறேன்னு பைப்புல காத்தை விட்டுட்டீங்க. மெக்கானிக்கை வெச்சு காத்தை எடுங்க."

"பயந்தாங்கொள்ளி! ஞாயித்துக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அதுலதான் போறோம்."

"சரி. உங்கம்மாவை முன்சீட்டுல உக்கார வெச்சுக்கலாம்."

"அம்மா எதுக்கு? அவங்க ட்ரெய்ன்ல வரட்டும்."

மெல்லத் திரும்பிப் பாத்தேன், அந்தப் பொண்ணு அவரையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்கா, சிரிப்பை அடக்க முந்தானைய வாயில வெச்சுக்க வேண்டியதாப் போச்சு. செம்பாக்கம் வர்றதுக்குள்ள அந்தாளு மெல்ல போனை எடுத்தாரு.

"மெக்கானிக் அண்ணா, இன்னைக்கே வந்து பிரேக்கைப் பாருங்களேன். எங்க வீட்ல கொஞ்சம் பயப்படறாங்க."