கைமடிப்பில் ஏழு எண்கள்

எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான்தான். சட்டை என்றால் காலரையும் கைமடிப்பையும் உட்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் தேய்ப்பேன். அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும், சார். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிற அந்த லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை.

என் தம்பி தையல் கடையில் துணி வெட்டுகிறவன். கடையில் அவனுக்கு 'டேப்பு' என்று பெயர். நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து, மணிக்கட்டு என்று மாஸ்டர் ஏழு அளவையும் ஒரே மூச்சில் சொல்வார். இவன் எதையும் எழுதிக்கொள்ளாமல் கத்தரியை எடுப்பான். ஒரு நூல் பிசகாது.

இருபத்து நாலாவது வயதில் அவனுக்குக் குரல்கள் கேட்டன. மனச்சிதைவு என்றார் டாக்டர். கேப்ஸ்யூல் கொடுத்தார். ஆறு மாதத்தில் குரல்கள் அடங்கின. கடைக்கும் திரும்பிப் போனான். ஆனால் ஏழு அளவில் மூன்றுதான் தலையில் நின்றது.

"என்னடா டேப்பு, சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையா வெட்டியிருக்க? ஒண்ணு கண்ணாடிக்குள்ள நிக்கிறவனுக்கா?" என்றார் மாஸ்டர். கடையே சிரித்தது, அவனும் சிரித்தான். மறுநாள் அவனைப் பட்டன் தைக்க உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்து, "என் தலைல பாக்கெட் ஓட்டையாயிடுச்சுக்கா. போடப் போட விழுது" என்றான்.

டாக்டர் நல்லவர். படம் போட்டே விளக்கினார்.

"குரல் கேட்கிறது மூளையோட ஆழத்துல டோபமைன் கூடிப்போறதால. கேப்ஸ்யூல் அதை அடக்குதும்மா. ஆனா ஒரு விஷயத்தைப் பிடிச்சு நிறுத்தி வைக்கிறது நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி. அங்க டோபமைன் குறைச்சல். அங்க இருக்கிற மூளை செல்கள் எல்லாம் ஒரே தாளத்துல வேலை செஞ்சாத்தான் எண் மனசுல நிக்கும். தாளம் போடுற சின்ன செல்கள் இந்த நோயில சோர்ந்துபோயிடுது. குரல் வர்றதுக்கு முன்னாடியே இது ஆரம்பிச்சிருக்கும்."

"அப்ப இது கேப்ஸ்யூலால வந்தது இல்லையா?"

"இல்லை. அதை நிறுத்தினா குரல் திரும்பும், மறதி போகாது. கேப்ஸ்யூலால வர்ற கை நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரைதான் ஞாபகத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். அதை வேணா நிறுத்திப் பார்ப்போம்."

நிறுத்தினார். மூன்று நாலானது.

ஒரு மாத்திரையை நிறுத்தியதற்கே ஓர் எண் கூடியது என்றால், மற்றதையும் நிறுத்தினால்? குறைச்சலாக இருக்கிற இடத்தில் டோபமைனை இன்னும் அடக்குவானேன்? என் இடத்தில் இருந்தால் நீங்களும் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். பெரியவர்களுக்கான கேப்ஸ்யூலைப் பிரித்து, பால் சர்க்கரைத் தூள் கலந்து, குழந்தைகளுக்கு ஏற்ற அளவில் திரும்ப நிரப்புவது என் வேலை. தம்பியின் கேப்ஸ்யூல்களில் வெறும் சர்க்கரையை நிரப்பினேன். பதினோரு வாரம். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவான்.

தினமும் காலையில் ஏழு அளவு சொல்லுவேன், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்கள் கேட்பார்கள். நான் ஒரே சீட்டை வைத்துக்கொண்டேன். அவன் கடைசியாகச் சரியாக வெட்டிய சட்டையின் அளவு அது. மாற்ற மனசு வரவில்லை. நாலு, ஐந்து, ஏழாம் வாரத்தில் ஆறு. எட்டாம் வாரத்தில் ஏழும் சொன்னான். நான் அழுதேன். அவன் என் கண்ணைத் துடைத்துவிட்டான். விரல் நுனியில் நீல சாக்பீஸ் தூள் இருந்தது. துணியில் கோடு போடுவார்களே, அந்த சாக்பீஸ்.

குரல்களைப் பற்றிக் கேட்டீர்கள். டாக்டர் அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். சந்தேகமாகக் குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தானே.

ஒன்பதாம் வாரம். நான் அடுப்படியில் வாயைத் திறக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"அக்கா, கூப்பிட்டியா?"

அவன் முகம் வெளிறியிருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பான். மருந்தைக் கூட்டுவார்கள். மறுபடி மூன்று எண், மறுபடி பட்டன்.

"ஆமாடா, கூப்பிட்டேன்" என்றேன். "தண்ணி எடுத்துக் குடு."

அப்பாடா என்று சிரித்தான். அப்படி ஒரு நிம்மதியை அவன் முகத்தில் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. அதனால் அடுத்த தடவையும் ஆமாம் என்றேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கேட்பான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வேலை கண்டுபிடித்துக் கொடுப்பேன். கடைசி வாரத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டான். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மாஸ்டரிடம் நானே பேசி அவனை வெட்டும் மேஜைக்கு அனுப்பிவைத்தேன். பதினொன்றரை மணிக்கு அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்திருக்கிறான். நான் அப்போது ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் கேப்ஸ்யூல் நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கேப்ஸ்யூல்களில் மருந்து சரியாகவே இருக்கும், சோதித்துப் பாருங்கள்.

அவன் சட்டையின் கைமடிப்புக்குள் நீல சாக்பீஸில் ஏழு எண்கள் இருக்கின்றன, அது என்ன ரகசியக் குறிப்பு என்று கேட்டீர்கள். ரகசியம் ஒன்றுமில்லை. என் சீட்டில் இருக்கும் அளவுகள்தான் அவை. அக்கா அழக்கூடாது என்று தினமும் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆறாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு சட்டையிலும் இருந்தது. ஒவ்வொன்றையும் நானே தேய்த்துக் கழுவினேன். கழுவிவிட்டு, அவன் எத்தனை எண் சொன்னான் என்று குறித்துவந்த நோட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.

மாஸ்டர் சொன்னதை எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டினீர்கள். எதற்கு ரோட்டில் இறங்குகிறாய் என்று அவர் கேட்டதற்கு, "எதிர்ப்பக்கத்துல அக்கா கூப்பிடுது மாஸ்டர், இதோ வந்துடறேன்" என்றானாம். லாரி வந்தது அப்போதுதான். யாரும் கூப்பிடவில்லை, அது அவன் பிரமை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள், சார். கூப்பிட்டது நான்தான்.